ஈறும் இல்லமும்

பல்லில் வலி தோன்றினால் வீடு முழுவதும் அறியும். ஈறு நோயுற்றாலோ அதனை உடையவரே அறிவதில்லை. காலையில் வாய் கொப்பளித்து உமிழும்போது நீரில் சிறிது செந்நிறம் காணும், அவ்வளவே. வலி இராது. குழாயைத் திறந்துவிட்டால் அச்செந்நிறமும் ஓடிவிடும். இவ்வாறு பத்தாண்டு, பதினைந்தாண்டு கழிந்தபின் ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது பல் அசைகிறது. 'வயதாகிவிட்டது' என்று சொல்லி அமைவது பலர் வழக்கம்.

எங்கள் இல்லத்தில் அச்சொல்லுக்கு வேறொரு வடிவம் வழங்கி வந்தது. 'நம் வமிசத்துப் பல் நாற்பதைத் தாண்டாது' என்பர். தந்தையார் வட ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து 1974ஆம் ஆண்டில் பெங்களூருக்கு வந்து, ஆலை ஒன்றில் வேலைக்கு அமர்ந்தவர். 46ஆம் வயதில் அவர் வாயில் ஒரு பல்லும் இல்லை. சொத்தை என்று சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. பார்வைக்கு நல்ல பற்களே ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன. பாட்டனாருக்கும் அப்படியே நிகழ்ந்ததாம். ஆதலின் பெரியோர் அதனை நோயென்று எண்ணவில்லை; தலை நரைப்பது போலக் குலத்துக்கு எழுதிவைத்த ஒன்றாகவே எண்ணினர்.

ஆறு ஆண்டுகளுக்கு முன், தம்பிக்கு 36 வயது நடந்தபோது, அவருடைய மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் இடையே புதிதாக ஓர் இடைவெளி தோன்றிற்று. அன்னையார் உற்றுப் பார்த்துவிட்டுப் பழைய சொல்லையே சொன்னார். தம்பியும் அதற்கு இசைந்தார். இசையாதவர் தம்பியின் மனைவி ஒருவரே. "விழுவதானால் விழட்டும், அத்தை. ஏன் விழுகிறது என்று ஒரு டாக்டரிடம் கேட்டுவிட்டு விழட்டும்" என்றார். மறுவாரமே தம்பியை அழைத்துச் சென்றுவிட்டார்.

அவர்கள் சென்ற இடம் அரசினர் பல் மருத்துவக் கல்லூரி. 1958ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இக்கல்லூரி விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் இருக்கிறது. அல்சூரிலிருந்து செல்வோர் மெட்ரோ வண்டியில் மெஜஸ்டிக் வரை சென்று, அங்கே பச்சை வழிக்கு மாறி, மார்க்கெட் நிலையத்தில் இறங்கலாம். காலையிலேயே செல்வது நன்று. ஆசிரியர்கள் மேற்பார்வையில் மாணவ மருத்துவர்கள் பார்க்கிறார்கள். 'மாணவர் கையில் வாயைக் கொடுப்பதா?' என்று நம்மவருள் சிலர் தயங்குவர். ஈறு மருத்துவம் அவசரத்தில் முடிக்கும் வேலையன்று. பொறுமையாக, பல் பல்லாகச் செய்ய வேண்டுவது. கற்கும் மாணவரிடம் அந்தப் பொறுமை இருக்கிறது. அவர் தோளுக்குப் பின்னே ஆசிரியர் நிற்கிறார்.

ஊருக்குப் புதியவர்களுக்காக மொழியைப் பற்றி ஒரு சொல். பல் என்பதைக் கன்னடத்தார் 'ஹல்லு' என்பர். நம் பால் அவர்களிடம் 'ஹாலு' ஆனது போலத்தான். ஈறு 'வசடு'. நோவு அங்கும் நோவுதான். இம்மூன்றும் 'ரக்த' என்னும் ஒன்றும் தெரிந்தால் எந்த மருத்துவரிடமும் குறையைச் சொல்லிவிடலாம். ஆனால் 'ஹல்லு நோவு' என்று மட்டும் சொன்னால் அவர் சொத்தையைத்தான் தேடுவார். 'வசடினல்லி ரக்த' என்று சொல்லுதல் வேண்டும்.

அங்கே மருத்துவர் மில்லிமீட்டர்க் கோடு இட்ட மெல்லிய கம்பி ஒன்றினால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் அளந்தார். பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையே இயற்கையாகவே ஒரு சிறு பள்ளம் உண்டு. அது 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் குறையில்லை. 4க்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை போல் ஆகிவிட்டது என்று பொருள். தம்பிக்குப் பல இடங்களில் 6, 7. கடைவாய்ப் பல் ஒன்றில் 9. எக்ஸ்ரே படத்தில் அப்பல்லைச் சுற்றி எலும்பே இல்லை, சதையில் நின்றுகொண்டிருந்தது.

உணவு உண்ட சில மணி நேரத்திலேயே பல்லின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுப்படலம் ஒன்று படரத் தொடங்குகிறது. அது நுண்ணுயிர்களின் குடியிருப்பு. துலக்கினால் போய்விடும். துலக்காமல் விட்ட இடத்தில், உமிழ்நீரிலுள்ள சுண்ணம் அதனோடு சேர்ந்து, சில நாட்களில் காரையாக இறுகிவிடும். இறுகிய காரையைப் பிரஷும் பொடியும் அசைக்க முடியாது. மருத்துவரின் கருவிதான் எடுக்க வேண்டும். காரையின் மேலும் படலம் படர்கிறது. அதனை எதிர்த்து உடல் போரிடுவதே ஈற்றின் சிவப்பும் குருதிக் கசிவும். அப்போர் நீடித்தால் பல்லைப் பிடித்திருக்கும் தாடை எலும்பே கரைகிறது. ஈற்றின் அழற்சி நீங்கும். கரைந்த எலும்போ பெரும்பாலும் திரும்புவதில்லை. முற்காலத்து விளம்பரங்களில் பயோரியா என்று அச்சுறுத்தியது இதனைத்தான்.

தம்பியின் மனைவி விடவில்லை. வமிசத்தைப் பற்றியும் கேட்டார். அதற்கு அங்கிருந்த மூத்த ஆசிரியர், கன்னடத்தார், சொன்ன விடை எங்களை நெடுநாள் எண்ண வைத்தது. "அதைக் கண்டறிந்ததே உங்கள் தமிழ் மக்களிடத்தில்தானே!" என்று தொடங்கினாராம். பிறகு நாங்களும் அதைத் தேடிப் படித்தோம்.

ஹரால்டு லோ என்பவர் நார்வே நாட்டில் பிறந்த பல் மருத்துவ அறிஞர். அவரும் அவருடைய துணைவர்களும் 1970ஆம் ஆண்டில் இலங்கையின் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் 480 பேரின் வாயை ஆராயத் தொடங்கினர். அனைவரும் ஆண்கள், தமிழர்கள், சேலம், திருச்சி முதலிய நம் பக்கத்து ஊர்களிலிருந்து கப்பலேறிப் போன குடிகளின் வழிவந்தவர்கள். உழைத்து உரமேறிய உடல். சொத்தைப் பல் ஏறக்குறைய இல்லை. பல் துலக்கும் பிரஷையோ பல் மருத்துவரையோ அவர்கள் அறிந்ததில்லை. அதனாலேயே ஆராய்ச்சியாளருக்கு அவர்கள் வேண்டியவர்களாயினர். மருத்துவமே தொடாவிடில் ஈற்று நோய் எவ்வழியில் செல்லும் என்பதை அங்கேதான் காண முடியும். 15 ஆண்டுக் காலம் மீண்டும் மீண்டும் சென்று அளந்தனர். 1986ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர்.

அழற்சி ஏறக்குறைய அனைவர்க்கும் இருந்தது. ஆயினும் அனைவர்க்கும் ஒரே கதி நேரவில்லை. நூற்றுக்கு 11 பேருக்கு நோய் ஈற்றோடு நின்றது, எலும்பைத் தொடவில்லை, பல்லும் விழவில்லை. 81 பேருக்கு மெல்ல நடந்தது. 45 வயதில் சராசரியாக 7 பல் போயிருந்தன. எஞ்சிய 8 பேரிடத்தில் நோய் ஓட்டமாக ஓடிற்று. 35 வயதில் 12 பல், 40 வயதில் 20 பல், 45 வயதில் எல்லாப் பல்லும் போய்விட்டன. ஒரே மலை, ஒரே உணவு, ஒரே உழைப்பு, துலக்காமையும் ஒன்றே.

தந்தையார் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை அவ்வெண்களே எங்களுக்குச் சொல்லிவிட்டன. எனவே வமிசம் என்ற பேச்சு முழுப் பொய்யன்று, பாதி உண்மை. நோய் எவ்வளவு விரைவாக ஓடும் என்பதில் பிறப்புக்குப் பங்குண்டு. ஓடவிடுவதா என்பது வேறு செய்தி. ஓஸ்லோ நகரத்தில் சிறு வயது முதல் பல் மருத்துவம் பெற்று வந்த மாணவர்களையும் கல்வியாளர்களையும் 1969 முதல் அதே அறிஞர் ஆராய்ந்து வந்தார். அவர்களிடத்தில் இழப்பு மிகச் சிறிது. இன்று உலகெங்கும் பல் மருத்துவம் பயிலும் மாணவர்கள் அந்த 480 தொழிலாளரைப் பற்றிப் படிக்கிறார்கள். பாடநூலில் அவர்கள் எண்ணாக இருக்கிறார்கள். ஒருவருக்கேனும் பெயர் இல்லை. தேயிலை பறித்து உலகுக்கு அளித்தவர்கள் இந்த அறிவையும் சேர்த்து அளித்திருக்கிறார்கள் என்பதை நம் பிள்ளைகளேனும் அறிந்திருக்கட்டும்.

இதே லோ 1965ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டு ஆர்ஹூஸ் நகரில் இன்னொரு சோதனை செய்திருந்தார். ஈறு நலமாயிருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருடைய ஈறும் அழன்றது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வார அளவில் அது தணிந்தது. துலக்கும்போது குருதி வருகிறது என்று அஞ்சி அந்த இடத்தைத் தொடாமல் விடுவோர் பலர். அந்த இடத்தைத்தான் தொட வேண்டும். மென்மையாக, ஆனால் நாள்தோறும்.

தம்பிக்கு இரண்டு கடைவாய்ப் பற்களை எடுத்தார்கள். மற்றவற்றுக்கு மரப்பு ஊசி போட்டு, வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, நான்கு நாள் வரவழைத்து, ஈற்றின் அடியில் வேர் வரை இறங்கியிருந்த காரையைச் சுரண்டி எடுத்தார்கள். ஓரிடத்தில் ஈற்றை விலக்கித் துப்புரவு செய்து தையல் போட்டார்கள். அதன் பிறகு சில வாரம் தண்ணீர் பட்டால் கூச்சம். வீக்கம் வடிந்ததனால் பற்கள் நீண்டு தோன்றின. இடையிடையே சந்து தெரிந்தது. பார்த்தவர்கள், 'சுத்தம் செய்தால் பல் ஆடும் என்று அப்போதே சொன்னோமே' என்றார்கள். இப்பேச்சு நம்மிடையே ஆழ வேரூன்றிய ஒன்று. எலும்பை முன்னரே நோய் தின்றுவிட்டது. இடையில் காரை அடைத்துக்கொண்டிருந்ததால் ஆட்டம் வெளியே தெரியவில்லை. உளுத்த சுவருக்குப் பூச்சு தாங்கலாகாது. தம்பிக்கு எஞ்சிய பற்கள் இந்த ஆறு ஆண்டில் ஒன்றும் போகவில்லை.

மருத்துவர் தம்பியைக் கேட்ட முதற் கேள்வி புகையைப் பற்றியது. புகைப்பவருக்கு ஈற்றின் குருதி நாளங்கள் சுருங்கிவிடுவதால் கசிவு குறைவாகவே இருக்கும். உள்ளே நோய் முற்றிக்கொண்டிருக்க, வெளியே அடையாளம் தோன்றாது. தம்பிக்கும் குருதி வந்ததே இல்லை. வெற்றிலையோடு புகையிலை அடக்குவோர்க்கு இதற்கு மேலும் ஓர் அச்சம் உண்டு, வாய்ப் புற்றுநோய். கருநாடக அரசு 2013ஆம் ஆண்டில் குட்காவுக்குத் தடை விதித்தது. பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்த்தலை இந்திய அரசு 1992லேயே தடுத்திருக்கிறது. தம்பி புகைப்பதை அடியோடு விட்டுவிட்டதாகச் சொல்கிறார். அவர் மனைவி அதனை முழுதும் நம்பியதாகத் தெரியவில்லை.

வமிசம் என்பது தீர்ப்பு அன்று, எச்சரிக்கை என்று கொண்டால், ஒருவருக்கு நோய் கண்டவுடன் அவ்வீட்டில் அனைவரும் வாயைக் காட்ட வேண்டும் என்றாகிறது. அவ்வாறே நாங்கள் அனைவரும் சென்றோம். தங்கைக்கு மட்டும் மனமில்லை. அவள் மகளுக்கு அப்போது 17 வயது, பி.யூ. தேர்வு நெருங்கிய நேரம். பெண்ணின் பற்களோ முல்லை போல வெண்மை. "இவளுக்கு என்ன வந்தது, அண்ணா? நாளைக்குத் தேர்வை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் உட்காரச் சொல்கிறீர்களே" என்றாள். அளந்தபோது முதற் கடைவாய்ப் பற்கள் மூன்றில் 6 மில்லிமீட்டர். படத்தில் அப்பற்களை ஒட்டி எலும்பு சரிந்திருந்தது. இளம் வயதிலேயே இந்தப் பற்களையும் முன்பற்களையும் குறிவைக்கும் நோய்வகை ஒன்று உண்டென்றும், அது குடும்பங்களில் தொடர்வது என்றும், இவ்வகையில் காரையோ அழுக்கோ மிகுதியாகத் தெரியாதென்றும் மருத்துவர் சொன்னார். வேரைத் துப்புரவு செய்து, கூடவே சில நாளைக்கு மருந்தும் கொடுத்தார். தங்கை அன்று வீடு திரும்பும் வரை ஒன்றும் பேசவில்லை. அப்பெண்ணுக்கு இன்று 23 வயது. இரண்டு இடங்களில் அளவு 3க்கு வந்துவிட்டது, ஓரிடத்தில் 4. எலும்பு நின்ற இடத்தில் நிற்கிறது.

அன்னையாருக்கு 12 ஆண்டாக நீரிழிவு. இந்நோயும் ஈற்று நோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை. குருதியில் சர்க்கரை மிகுந்தால் ஈற்றுக்குத் தன்னைக் காக்கும் ஆற்றல் குறைகிறது. ஈற்றில் அழற்சி நீடித்தால் சர்க்கரை அடங்க மறுக்கிறது. அன்னையாருக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 8.9 இருந்தது. ஈற்று மருத்துவம் முடிந்து அடுத்த சோதனையில் 8.4. மாத்திரையை மாற்றவில்லை. இது பெரிய இறக்கமன்று. ஈற்றைத் துப்புரவு செய்தால் நீரிழிவு போய்விடும் என்று யாரும் எண்ணிவிடலாகாது. ஆயினும் எட்டு மாதமாக அசையாதிருந்த எண் அசைந்தது. மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போகும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. பல்லுக்கும் பார்வைக்கும் அப்படி ஒரு தொடர்பும் இல்லையென்று மருத்துவர் எடுத்துரைத்தார். அன்னையார் கேட்டுக்கொண்டார், ஆயினும் எடுத்த மறுநாள் காலை நாட்காட்டியின் சிற்றெழுத்தை ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டார்.

கருவுற்ற மகளிர்க்கு உடல் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும். அந்நாளில் பல்லைத் தொடலாகாது என்பது பொருந்தாது. நடு மூன்று மாதங்களில் துப்புரவு செய்துகொள்வது எளிது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் போன்ற சில மாத்திரைகளால் சிலருக்கு ஈறு தடித்து வளர்வதும் உண்டு. எங்கள் எதிர்வீட்டுப் பெரியவருக்கு அவ்வாறு ஆயிற்று. அத்தகையோர் தாமாக மாத்திரையை நிறுத்தாமல், அதைக் கொடுத்த மருத்துவரிடமே சொல்ல வேண்டும்.

இனி, வீட்டில் செய்வது. இதில் புதுமை ஒன்றுமில்லை. காலை ஒருமுறை, இரவு படுக்கும் முன் ஒருமுறை, இரண்டு நிமிடம். நம் குடும்பங்களில் இரவுத் துலக்கல்தான் விட்டுப்போகிறது. ஆயத்த ஆடை ஆலைக்கும் இரவுக் காவலுக்கும் போய்வருவோர் களைத்து உண்டு படுத்துவிடுவர். அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை. எனினும் உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவில்தான் காவல் மிக வேண்டும். பிரஷ் மென்மையானதாக இருக்க வேண்டும். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாக வைத்துச் சிறு அசைவாகத் துலக்க வேண்டும். குறுக்காக இழுத்துத் தேய்ப்பது பாத்திரம் துலக்கும் முறை. எட்டு வயது வரை பிள்ளைகளுக்குப் பெரியவர் கை உதவி வேண்டும்.

பிரஷ் புகாத இடம் பல்லிடுக்கு. நோய் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. உணவு சிக்கினால் தீக்குச்சியும், தாய்மார் வளையலில் கோத்திருக்கும் ஊக்கும் அங்கே நுழைகின்றன. ஈற்றைக் குத்திப் புண்ணாக்குகின்றன. அதற்கென விற்கும் நூலையோ, சந்து பெரிதானவர்க்கு இடுக்குப் பிரஷையோ நாளுக்கு ஒருமுறை கையாளுதல் நன்று.

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி என்னும் முதுமொழியைப் பெரியோர் எடுத்துக்காட்டுவர். குச்சியை நாரெழ மென்று பொறுமையோடு துலக்கியவர்களின் பல் தூய்மையாகவே இருந்திருக்கும். பெங்களூர்த் தெருவில் குச்சிக்கு எங்கே போவது என்பது ஒருபுறம் இருக்க, குச்சியாலும் இடுக்கை எட்ட முடியாது. செங்கற்பொடி, அடுப்புக்கரி, சாம்பல், பரல் உப்பு ஆகியவை பல்லைத் தேய்த்துவிடும், அவற்றை விட்டுவிடலாம். வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளிப்பது இதமானது. ஆனால் காரையை அது கரைக்காது.

தருமபுரி, கிருட்டிணகிரி, கோலார்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களில் பற்கள் பழுப்பேறியும் வரியோடியும் காணப்படுவதுண்டு. இது பெரும்பாலும் அவ்வூர்க் கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடால், பல் உருவாகும் இளமையிலேயே படிந்த நிறம். இது அழுக்கன்று, ஈற்று நோயும் அன்று. இதனைப் போக்குவதற்காகக் கரி கொண்டு ஓயாது தேய்க்கும் பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம். அவர்களைத் தடுத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நிறத்துக்கு வேறு வழி உண்டு.

மருந்து கலந்த வாய்க்கழுவு நீரைச் சிலர் மாதக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். குளோர்எக்சிடின் சேர்ந்தவற்றை மருத்துவர் சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் இரண்டு வாரம், கையாண்டு நிறுத்திவிட வேண்டும். நீடித்தால் பல்லில் கறையேறும். நாவின் சுவையும் மாறும்.

ஒருமுறை எலும்பு வரை சென்ற நோய் தணியும். முற்றிலும் விடைபெற்றுப் போகாது. ஆதலின் தம்பியும் தங்கை மகளும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் அளந்துகொண்டு வருகிறார்கள். மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை. இந்நாட்களைத் தம்பியின் மனைவி சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் நடுவே அவையும் இடம்பெற்றுவிட்டன. அன்னையாருக்குச் சர்க்கரைச் சோதனையும் ஈற்றுச் சோதனையும் ஒரே நாளில் அமைத்தாயிற்று. அடுத்தது ஆவணியில் வருகிறது.